ஆறு வெற்றிக்கு ஒரு மோதிரமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பவுல் போட்டி வென்ற அணிகளுக்கு நினைவு மோதிரம் கொடுப்பது குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு வரி: சீசன் முடிந்த பிறகு, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை, வெவ்வேறு ஊர்களில் இரண்டிரண்டு அணிகளை அழைத்து நடத்தும் தனி ஆட்டங்களுக்குத்தான் பவுல் என்று பெயர்.

கே: பன்னிரண்டு ஆட்டத்தில் ஆறு ஜெயித்து, பேர் தெரியாத ஒரு பவுலில் இன்னொன்றும் ஜெயித்துவிட்டால் விரல் நிறைய மோதிரம். உண்மையான சாம்பியன்களுக்கு இது அவமரியாதை இல்லையா? (வாசகர், டல்லாஸ்)

ப: கொடுக்கலாம் என்பது மட்டுமில்லை, கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரே ஒரு நிபந்தனை உண்டு: மோதிரம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

உங்கள் வருத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. முதல் ரோஸ் பவுல் 1902 ஜனவரி 1 அன்று பாசடீனாவில் நடந்தது. மிஷிகன் 49, ஸ்டான்ஃபோர்ட் 0. 1916 முதல் அது ஆண்டுதோறும் நடக்கிறது. ஆரஞ்சு, சுகர், சன் பவுல்கள் 1935-லும், காட்டன் பவுல் 1937-லும் வந்தன. அந்தக் காலத்தில் பவுலுக்கு அழைப்பு வருவதே ஒரு விருது. இன்று நாற்பதுக்கும் மேல் பவுல்கள் நடக்கின்றன. 2025-இல் உயர்மட்டப் பிரிவில் 136 அணிகள். அவற்றில் எண்பது அணிகளுக்கு மேல் ஏதாவதொரு பவுலில் ஆடுகின்றன. பன்னிரண்டில் ஆறு வென்றால் தகுதி. அழைப்பு மலிந்துவிட்டது என்பது உண்மைதான்.

ஆனால் மோதிரம் அழைப்புக்குக் கொடுப்பது அல்ல. ஆடி வென்றதற்குக் கொடுப்பது. அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்பது பவுலின் பெயரைப் பொறுத்ததும் அல்ல. நியூ மெக்சிகோ ஸ்டேட் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 சன் பவுலில் யூட்டா ஸ்டேட்டை 20-13 என்று வென்றார்கள். அடுத்த பவுல் ஆட்டம் அவர்களுக்குக் கிடைக்க 57 ஆண்டுகள் ஆயின. 2017 டிசம்பர் 29, டூசான் நகரில் அரிசோனா பவுல். எதிரணி மறுபடி அதே யூட்டா ஸ்டேட். கூடுதல் நேரம் வரை இழுத்து 26-20 என்று வென்றார்கள். தேசிய அளவில் பார்த்தால் அது சின்ன பவுல். வென்ற அணியின் சீசன் கணக்கு 7-6, அதாவது ஏழு வெற்றி, ஆறு தோல்வி. அந்தக் கல்லூரியில் அதற்கு முன் ஆடிய இரண்டு தலைமுறை வீரர்களில் ஒருவருக்கும் வாய்க்காத நாள் அது. அந்த நாளுக்கு மோதிரம் கூடாது என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது?

வாண்டர்பில்ட் 1955 கேட்டர் பவுலில் வென்றது; அடுத்த பவுல் வெற்றி 2008 மியூசிக் சிட்டி பவுலில், பாஸ்டன் காலேஜை 16-14 என்று. ரட்கர்ஸ் கதை இன்னும் நீளம். 1869-இல் பிரின்ஸ்டனை 6-4 என்று வென்று, முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் என்று இன்று எண்ணப்படும் ஆட்டத்தை ஆடிய கல்லூரி அது. அதன் முதல் பவுல் வெற்றி 2006 டிசம்பரில் டெக்சாஸ் பவுலில், கான்சஸ் ஸ்டேட்டை 37-10 என்று. நடுவில் 137 ஆண்டுகள்.

சாம்பியன்களுக்கு இதனால் என்ன குறைகிறது? அவர்களுடைய மோதிரத்தில் அவர்களுடைய ஆட்டம் எழுதியிருக்கிறது. அதன் மேல் கைவைக்க இன்னொருவர் மோதிரத்தால் முடியாது. ஆண்டுதோறும் பவுல் வெல்லும் அணி, தன் பத்தாவது சின்ன பவுலுக்கும் புதிய மோதிரம் வார்ப்பதில்தான் எனக்குத் தயக்கம். அங்கே வீரர்களே இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். அத்தகைய அணி, ஒவ்வொரு வீரருக்கும் கல்லூரிக் காலத்தில் ஒரே மோதிரம், பின்னால் வரும் வெற்றிகளை அதிலேயே உட்புறம் பொறித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால் நல்லது.

கே: வென்றதைவிடத் தோற்றது அதிகமான அணிக்கும் பவுல் கிடைக்கிறதாமே. அவர்களுக்கும் மோதிரமா? (வாசகி, ஃபீனிக்ஸ்)

ப: ஆறு வெற்றி பெற்ற அணிகள் போதாமல் போன ஆண்டுகளில், ஐந்து வென்று ஏழு தோற்ற (5-7) அணிகளையும் அழைத்திருக்கிறார்கள், வீரர்களின் படிப்பு முன்னேற்றத்துக்குத் தரும் மதிப்பெண் வரிசைப்படி தேர்வு. 2015 சீசனில் நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் மூன்றும் அப்படி உள்ளே வந்தன. மூன்றுமே வென்றன. நெப்ராஸ்கா யு.சி.எல்.ஏ.-வை 37-29 என்று வென்றது. அது எந்த ஆண்டிலும் சிறு வெற்றி ஆகாது.

மூன்று அணிகளும் சீசனை 6-7 என்று முடித்தன. நான் சொல்லும் சோதனை இதுதான்: மோதிரத்தில் 6-7 என்று பொறிக்க அணி தயாரா? தயார் என்றால் வார்க்கட்டும். கணக்கை மறைத்து, எதிரணி பெயரையும் விட்டுவிட்டு, 'சாம்பியன்ஸ்' என்ற சொல்லை மட்டும் பெரிதாகப் போட நினைத்தால் வேண்டாம். தன் கணக்கைச் சொல்லக் கூசும் மோதிரத்தை வாங்கியவரும் போட மாட்டார்.

கே: இதற்குக் காசு யார் தருகிறார்கள்? கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் வரம்பு ஏதும் உண்டா? (வாசகர், ஆஸ்டின்)

ப: இரண்டு கைகளிலிருந்து வருகிறது. பவுலை நடத்துபவர்கள் தரும் பரிசு ஒன்று: கைக்கடிகாரம், ஹெட்ஃபோன், பை, அல்லது ஒரு அறை நிறையப் பொருட்களை வைத்து வீரரே தேர்ந்தெடுப்பது. எல் பாசோவில் நடக்கும் சன் பவுலில் முடி உலர்த்தும் கருவி கொடுப்பது பெயர்போனது. கல்லூரி தருவது இன்னொன்று. மோதிரம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கையிலிருந்துதான் வரும்.

2010-களில் நடப்பில் இருந்த வரம்பு: பவுல் தரப்பு ஒரு வீரருக்கு 550 டாலர் வரை, ஓர் அணிக்கு 125 பேர் வரை, கல்லூரி ஒரு வீரருக்கு 400 டாலர் வரை. கல்லூரியின் இந்த 400 டாலர் பவுலில் பங்கேற்றதற்கானது. ஆகவே தோற்ற அணிக்கும் கொடுக்க விதி இடம் தந்தது. தோற்றவர்களுக்கு மோதிரம் வேண்டாம் என்பேன். கடிகாரமே போதும்.

125 பேருக்கு 400 டாலர் என்றால் 50,000 டாலர். இதை வீண்செலவு என்பவர்கள் பவுல் பயணத்தின் மற்றச் செலவுகளையும் பார்க்க வேண்டும். 2011 ஜனவரி 1 ஃபியஸ்டா பவுலுக்குப் போன கனெக்டிகட் பல்கலைக்கழகம், ஒப்பந்தப்படி 17,500 டிக்கெட்டுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. பெரும்பகுதி விற்கவில்லை. மொத்தத்தில் 16 லட்சம் டாலருக்கும் மேல் கைவிட்டுப் போனது. விற்காத டிக்கெட், விமானம், ஹோட்டல், இசைக்குழுவின் பயணம் ஆகியவற்றின் பக்கத்தில் மோதிரத்தின் பில் சிறியது. ஆடியவன் கையில் கடைசிவரை தங்குவது அது ஒன்றுதான்.

ஆர்டர் கொடுக்கும் முன் கல்லூரியின் விதிக் கண்காணிப்பு அலுவலகத்திடம் அந்த ஆண்டுக்கான தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரம்பு மொத்த மதிப்புக்கு. பெட்டி, பெயர்ப் பொறிப்பு, அனுப்பும் செலவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். மோதிரத்துக்கு மட்டும் விலை பேசிவிட்டு, விளக்கெரியும் மரப்பெட்டியைப் பிறகு சேர்த்து மாட்டிக்கொள்வது வழக்கமாக நடக்கும் தவறு.

கே: 400 டாலருக்குத் தங்க மோதிரம் கிடைக்குமா? என் மகனுக்குக் கொடுத்ததில் மூன்றாம் மாதமே மஞ்சள் போய் வெள்ளை தெரிகிறது. (வீரர் ஒருவரின் தாய், ஒஹாயோ)

ப: கிடைக்காது அம்மா. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெழுகில் 3 கிராம் எடையுள்ள மாதிரியை வெள்ளியில் வார்த்தால் 31 கிராம் வரும். 10 காரட் தங்கத்தில் ஏறக்குறைய 35 கிராம். 10 காரட்டில் தூய தங்கம் 41.7 விழுக்காடு, அதாவது 35 கிராமில் 14.6 கிராம். 2010-களின் நடுவில் தங்கம் கிராமுக்கு 40 டாலரை ஒட்டி இருந்தபோதே உலோகத்துக்கு மட்டும் 580 டாலர் ஆகிவிடும். கூலி, கல், அச்சு எதுவும் இதில் சேரவில்லை. ஆகவே 400 டாலர் மோதிரம் என்றால் வெள்ளி, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், அல்லது நிக்கல்-குரோமியம் கலந்த விலை குறைந்த வெள்ளை உலோகம். மேலே மஞ்சள் தெரிந்தால் அது முலாம்.

முலாம் என்பதே ஏமாற்று அல்ல. கனம்தான் கேள்வி. 'வெர்மெய்ல்' என்று விற்க வேண்டுமென்றால் 92.5 வெள்ளியின் மேல் குறைந்தது 2.5 மைக்ரான் தங்கம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வணிக விதி. வெறுமனே 'தங்கமுலாம்' என்று எழுதியிருந்தால் அரை மைக்ரானுக்கும் குறைவாக இருக்கலாம். எடைத் தூக்கும் கம்பியைப் பிடிக்கும் கையில் அது ஒரு சீசன்கூட நிற்காது. முதலில் தேய்வது உள்ளங்கைப் பக்கம். உங்கள் மகனுடையதும் அங்கேதான் வெளுத்திருக்கும் என்று நினைக்கிறேன். மறுமுலாம் போடலாம்; ஆனால் கற்களை வெறும் பசையால் ஒட்டியிருந்தால் முலாம் போடுமுன் செய்யும் வெந்நீர், மீயொலிச் சுத்தத்திலேயே உதிர்ந்துவிடும். கடையில் கொடுக்கும்போது இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மோதிரம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் எதில் காசு குறைத்தார்கள் என்பதும் தெரியும். கணினியில் வடிவம் வரைந்து, மெழுகிலோ பிசினிலோ மாதிரி எடுக்கிறார்கள். பல மாதிரிகளை ஒரு தண்டில் கிளைகளைப் போல ஒட்டி, ஜிப்சம் மாவுக் கரைசல் ஊற்றி இறுகவிட்டு, சூளையில் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் மெழுகு எரிந்து வெற்றிடம் மிஞ்சும். அதில் உருகிய உலோகம் போகிறது. பிறகு அறுத்து, ராவி, மெருகேற்றி, கல் பதித்து, நிறப்பூச்சு நிரப்புகிறார்கள்.

கோளாறு வரும் இடங்கள் சில. நினைவு மோதிரத்தின் தலை தடித்தது, வளையம் மெல்லியது. தடித்த பாகம் கடைசியில் இறுகும். அப்போது அதற்கு ஊட்ட உருகிய உலோகம் மிச்சமில்லாவிட்டால் உள்ளே நுண்துளைகள் விழும். மெருகேற்றும்போது அவை கரும்புள்ளிகளாக வெளியே வரும். நல்ல பட்டறை தலையின் அடிப்பக்கத்தைக் குடைந்து சுவரை எங்கும் ஒரே கனமாக்கும். உலோகம் நுழையும் வாயைத் தடித்த பாகத்திலேயே வைக்கும். மோதிரத்தைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் குடைவு தெரியும். குடைவைப் பார்த்து எடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு; அது எடைக் களவு அல்ல, சரியான வேலை.

கற்கள் பெரும்பாலும் கியூபிக் சிர்கோனியா. கடினம் 8-க்கும் 8.5-க்கும் இடையில், வைரம் 10. அன்றாட உடைக்குத் தாங்கும். கல்லைப் பிடித்திருக்கும் உலோக மணிகள்தான் முதலில் தேயும். எண்பது பொடிக் கற்களைவிட, விளிம்பு மடித்துப் பிடித்த ஒரே கல் பல ஆண்டு அதிகம் நிற்கும். நிறத்துக்குப் பூசியது பிசின் என்றால் நகப்பூச்சு அகற்றும் திரவம் படக்கூடாது, உரிந்துவிடும். தோல் சிவந்து அரித்தால் நிக்கல்தான் காரணமாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு வெள்ளியோ 316எல் வகை ஸ்டீலோ கேளுங்கள்.

400 டாலரை என்னிடம் கொடுத்தால், கட்டைவிரல் அகலத் தலையுள்ள முலாம் மோதிரம் வாங்கமாட்டேன். தலையைப் பாதியாகக் குறைத்து, முலாம் இல்லாத 92.5 வெள்ளியில், ஒரே கல்லோடு செய்யச் சொல்வேன். வெள்ளி கறுக்கும், துடைத்தால் திரும்ப வெளுக்கும். இருபது ஆண்டு கழித்தும் அது அதே மோதிரமாக இருக்கும்.

கே: அணிக்கு அளவெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நூறு பேர். எப்படிச் செய்வது? (அணியின் உபகரண உதவியாளர், டென்னசி)

ப: அமெரிக்க அளவில் ஓர் எண் கூடினால் உள்விட்டம் 0.81 மி.மீ. கூடும். 10 என்றால் 19.8 மி.மீ., 12 என்றால் 21.4, 14 என்றால் 23. கடைகளில் சாதாரணமாகத் தரும் வளையக் கொத்து 13-ஓடு நின்றுவிடும். முன்வரிசையில் மோதும் பருத்த வீரர்களான லைன்மேன்களுக்கு 15, 16 வரை வேண்டும்; முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

மெல்லிய அளவு வளையத்தால் எடுக்காதீர்கள். நினைவு மோதிரம் 8 மி.மீ.-க்கு மேல் அகலம். அகல வளையம் அதே எண்ணில் இறுக்கமாக இருக்கும். அகல வளையக் கொத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் அரை எண் கூட்டுங்கள். வளையம் கணுவைத் தாண்ட வேண்டும், தாண்டியபின் சுழலவும் கூடாது. ஃபுட்பால் வீரர்களின் கணு அடிபட்டு அடிபட்டுத் தடித்திருக்கும், அடிவிரலோ மெலிந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் கணுவுக்கு எண் எடுத்து, உட்புறத்தில் இரண்டு சிறு உலோக மணிகள் வைக்கச் சொல்லலாம், மோதிரம் புரளாது.

பவுல் முடிந்த மறுநாள் எடுக்காதீர்கள், விரல் வீங்கியிருக்கும். பயிற்சி முடிந்த உடனும் வேண்டாம், குளிர்ந்த காலையிலும் வேண்டாம். இரண்டு வாரம் போகட்டும். சாயங்கால வேளையில், வெதுவெதுப்பான அறையில், இரண்டு முறை எடுங்கள். எந்தக் கை, எந்த விரல் என்பதை எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். பந்தெறியும் கையின் விரல் மற்றக் கையைவிட அரை எண் பெரிதாக இருப்பது சகஜம்.

ஸ்டீல் மோதிரத்தைப் பிறகு பெரிதாக்குவது பெரும்பாடு. வெள்ளியை அறுத்துப் பற்றவைக்கலாம். ஆனால் சூடு கற்களையும் நிறப்பூச்சையும் கெடுக்கும், பக்கவாட்டில் எழுத்து இருந்தால் அதுவும் வளையும். ஆகவே அளவில் செலவிடும் ஒரு மணி நேரம் பின்னால் பல மாதத்தை மிச்சப்படுத்தும். பெயர்ப் பட்டியலைப் பதிவாளர் ஏட்டிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு வீரரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வார்த்தபின் எழுத்துப் பிழையைத் திருத்த வழியில்லை.

கே: மோதிரத்தில் என்ன எழுதலாம்? (அதே வாசகர்)

ப: தலையில் கல்லூரிச் சின்னமும் பவுலின் பெயரும். ஒரு பக்கம் வீரரின் பெயர், எண். மறுபக்கம் எதிரணி, ஸ்கோர், ஊர். உட்புறம் முழுத் தேதியும் சீசன் கணக்கும்.

தேதியை நாள், மாதம், ஆண்டு என்று முழுமையாகப் போடுங்கள். ஜனவரி பவுல் முந்தைய ஆண்டு சீசனைச் சேர்ந்தது. நார்த்வெஸ்டர்ன் 1949 ரோஸ் பவுலுக்குப் பிறகு பெற்ற முதல் பவுல் வெற்றி 2013 ஜனவரி 1 அன்று, கேட்டர் பவுலில், மிசிசிப்பி ஸ்டேட்டை 34-20 என்று, சீசனோ 2012. வெறும் ஆண்டு போட்டால் பத்து வருடத்தில் வீட்டிலேயே சந்தேகம் வரும்.

ஊர் பெயரை விடாதீர்கள். பவுல்களின் பெயர் விளம்பரதாரர் மாறும்போது மாறும். ஆர்லாண்டோவில் நடக்கும் சிட்ரஸ் பவுல் முதலில் டேஞ்சரின் பவுல், பிறகு சிட்ரஸ், பிறகு கேப்பிடல் ஒன், மறுபடி சிட்ரஸ். பெயர் மாறியபோது ஊர் மாறவில்லை. பவுலின் சின்னத்தைப் போட அனுமதி வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். வடிவம் வரையத் தொடங்கிய நாளே கடிதம் போடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த எழுத்து வார்ப்பில் தெளிவாக விழாது. நீளமான குடும்பப் பெயர்களுக்கு எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போகாமல், லேசரால் உட்புறம் பொறியுங்கள்.

கே: காயத்துக்குப் பயந்து பவுலில் ஆடாமல் விலகியவருக்கும் மோதிரம் உண்டா? நடுவிலேயே வேறு கல்லூரிக்குப் போனவருக்கு? (வாசகர், அட்லாண்டா)

ப: 2016 ஜனவரி 1 ஃபியஸ்டா பவுலில் நோட்ர டாமின் ஜேலன் ஸ்மித் முழங்காலில் படுகாயம் அடைந்தார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வின் முதல் சில இடங்களில் எதிர்பார்க்கப்பட்டவர், 34-ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். அந்த ஆண்டு இறுதியில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மக்காஃப்ரி சன் பவுலிலிருந்தும், எல்.எஸ்.யு.-வின் லெனர்ட் ஃபோர்னெட் சிட்ரஸ் பவுலிலிருந்தும் விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அணியைப் பன்னிரண்டு ஆட்டம் சுமந்து ஆறு வெற்றிக்குக் கொண்டுவந்தவர் கடைசி ஆட்டத்தில் இல்லை என்பதற்காக மோதிரத்தை மறுப்பது கூடாது. ஆடைமாற்றும் அறையில் சக வீரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே இதில் எடைபோட வேண்டியது. அணித் தலைவர்களிடம் விடுங்கள்.

வேறு கல்லூரிக்குப் போனவருக்கும் அப்படியே. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபின், ஏப்ரலில் வசந்தகால ஆட்டத்தில் மோதிரம் கொடுக்கும்போது பாதிப்பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். ஜனவரியிலேயே அளவும் முகவரியும் வாங்கிவைக்காவிட்டால் பெட்டிகள் அலமாரியில் தூங்கும்.

உதவித்தொகை இல்லாமல் ஆடும் வாக்-ஆன் வீரர்களை மறப்பதுதான் மன்னிக்க முடியாத தவறு. வாரம் முழுவதும் எதிரணியின் ஆட்டத்தை ஆடிக்காட்டி, முதல் வரிசை வீரர்களிடம் அடிவாங்கியவர்கள் அவர்கள். சனிக்கிழமை களத்தில் கால் வைத்திருக்கமாட்டார்கள். காசு போதவில்லை என்றால் எல்லாருக்கும் சிறிய மோதிரம் செய்யுங்கள். சிலருக்குப் பெரியது, சிலருக்கு ஒன்றுமில்லை என்று பிரிக்காதீர்கள்.

கே: மோதிரத்தை விற்றால் தப்பா? அது என் சொத்துதானே? (முன்னாள் வீரர், கொலம்பஸ்)

ப: உங்கள் ஊரிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 2010 டிசம்பரில் ஒஹாயோ ஸ்டேட் வீரர்கள் ஐந்து பேர், மோதிரங்களையும் சட்டைகளையும் விருதுகளையும் விற்றதற்காகவும், பச்சை குத்திக்கொள்ளச் சலுகை பெற்றதற்காகவும், அடுத்த சீசனின் முதல் ஐந்து ஆட்டங்களுக்குத் தடை செய்யப்பட்டார்கள். விற்றவற்றில் 'கோல்ட் பேன்ட்ஸ்' என்ற சிறு பதக்கமும் இருந்தது. 1934 முதல், மிஷிகனை வென்ற ஆண்டில் ஒவ்வொரு வீரருக்கும் கொடுக்கும் பொன் காற்சட்டை வடிவப் பதக்கம் அது. எந்தக் கோப்பையும் இல்லாமல், ஓர் ஆட்டத்தின் வெற்றிக்கு மட்டும் தரும் நினைவுப் பொருள் எவ்வளவு மதிப்புப் பெற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

விளைவு பெரிதாகப் போனது. தெரிந்தும் சொல்லாமல் இருந்த பயிற்சியாளர் ஜிம் டிரெசல் 2011 மே மாதம் பதவி விலகினார். அர்கன்சாவை 31-26 என்று வென்ற சுகர் பவுல் உட்பட 2010 சீசனின் வெற்றிகள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. 2012-இல் அணி பன்னிரண்டு ஆட்டத்தையும் வென்றது. பவுல் தடையால் அத்தோடு வீட்டுக்குப் போனது.

அன்றைய விதிப்படி, ஆடத் தகுதியுள்ள காலத்தில் விருதை விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது. நீங்கள் ஆட்டக்காலம் முடிந்தவர். விற்பது உங்கள் உரிமை. விற்கும் முன் உட்புற முத்திரையைப் பாருங்கள்: 925 என்றால் வெள்ளி, 10K என்றால் 10 காரட். உலோக விலைக்கு உருக்கக் கொடுத்தால் மிகக் குறைவாகவே வரும். எந்த ஆட்டம், யாருடையது என்ற சான்றோடு சேகரிப்பவரிடம் போனால்தான் விலை. கொடுத்த நாளின் புகைப்படம், பெட்டி, கல்லூரியின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

கே: இப்போதுதான் வீரர்களுக்குச் சம்பளமே வருகிறதே, இன்னும் மோதிரம் எதற்கு? (வாசகர், சான் ஹோசே)

ப: 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி கல்லூரியே முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்குப் பங்கிடலாம். வரவேண்டிய பணம் வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் பங்கு எல்லாருக்கும் சமமாக வருவதில்லை. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கும் மூன்றாம் வரிசை லைன்மேனுக்கும் ஒரே அளவில் கிடைக்கும் ஒரே பொருள் மோதிரம்தான். அதனால் அதன் தேவை கூடியிருக்கிறது என்பேன்.

கே: என் வெள்ளி மோதிரம் கறுத்துவிட்டது, ஒரு கல்லும் ஆடுகிறது. (முன்னாள் வீரர், பாய்ஸி)

ப: கல் ஆடினால் இன்றே கழற்றிவிடுங்கள். காதருகே வைத்து விரலால் தட்டினால் கிலுகிலு என்று கேட்கும் கற்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஒரே தடவையில் இறுக்கக் கொடுங்கள். கறுப்புக்கு வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். மெல்லிய தூரிகையால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, வெள்ளி துடைக்கும் துணியால் துடையுங்கள். பற்பசை வேண்டாம், கீறிவிடும். குழிவான எழுத்துகளில் இருக்கும் கறுப்பை அப்படியே விடுங்கள். ஸ்கோர் அதனால்தான் படிக்கத் தெரிகிறது.